தறியை நிறுத்திக் கேட்ட பாட்டு

ஞாயித்துக்கெழம ஆச்சுன்னா எங்க வீட்டுல பொய் சொல்ற நாள். நான் வாயத் தொறந்து சொன்னதில்ல. என் வீட்டுக்காரரும் வாயத் தொறந்து சொன்னதில்ல, அவரால முடியவும் முடியாது. ஆனாலும் சாயந்திரம் வெளக்கு வைக்கறதுக்குள்ள அவரு போன்ல இருந்து அந்தப் பொய் கெளம்பிப் போயிடும்.

முதல்ல யாரு என்னன்னு சொல்லிடறேன். அவரு எனக்கு சொந்த அத்தை மகன். எங்க பக்கம் ஆந்திரா எல்லை ஒட்டி இருக்கறதால அத்தை மகனை பாவான்னுதான் கூப்பிடுவோம். கல்யாணத்துக்கு முன்னாடியும் பாவா, பின்னாடியும் பாவா. வா போன்னுதான் பேச்சு. மரியாதையெல்லாம் வெளி ஆளுங்க எதிர்ல. நான் அங்கன்வாடியில டீச்சரா இருந்து ரிடையர் ஆனவ. கொழந்தைங்கள அதட்டி அதட்டி எனக்கு வாய் நீளம். பாவா திருத்தணி பஜார்ல ஒரு ஜவுளிக்கடையில சேலை எடுத்துப் போடற வேலையில இருந்தாரு. பகலெல்லாம் சேலை. சாயந்திரம் ஆனா பாட்டு. கல்யாணம், காதுகுத்து, அம்மன் கோயில் திருவிழான்னு எங்க மேடை போட்டாலும் கச்சேரியில பாவா இருப்பாரு. அதுலயும் ஒரே ஒரு பாடகரோட பாட்டுங்கதான். அந்தப் பாடகர் பேரு எதுக்கு. அவருக்கும் இப்போ வயசாயிடுச்சு, மேடையேறி பாடறதில்ல. உங்களுக்குப் பிடிச்ச பெரிய பாடகர் ஒருத்தர நெனச்சிக்கோங்க, சரியா இருக்கும்.

பாவாவுக்கு தொண்டையில புத்துநோய் வந்துச்சு. பாக்குப் பொட்டலத்தை வாயில ஒதுக்காத வேளை கெடையாது. நான் கத்தாத நாளும் கெடையாது. கடைசியில மெட்ராஸ்ல ஒரு ஆஸ்பத்திரியில குரல்வளையையே எடுத்துட்டாங்க. எடுத்துட்டு கழுத்துல, சட்டையோட மேல் பட்டன் வர்ற எடத்துல ஒரு ஓட்டை விட்டுட்டாங்க. மூச்சு அது வழியாத்தான் போவும், அது வழியாத்தான் வரும். மூக்கும் வாயும் மூஞ்சி அழகுக்கு இருக்குது, அவ்ளோதான். கழுத்துல வச்சு அமுக்கினா பேசற மெஷின் ஒண்ணு வாங்கினோம். ஒரே ஒரு தடவ வச்சுப் பேசினாரு. ரயில்வே ஸ்டேஷன்ல வண்டி லேட்டுன்னு சொல்ற மாதிரி இருந்துச்சு. பீரோவுல வச்சு மூடினவரு இன்னிவரைக்கும் எடுக்கல. அங்கன்வாடியில இருந்து நான் கொண்டாந்த பழைய சிலேட்டு ஒண்ணு இருக்கு. அதுல எழுதிக் காட்டுவாரு. முக்காவாசி அதுவும் வேணாம், உதட்டைப் பாத்தே நான் புரிஞ்சுக்குவேன்.

வீட்டோட கெடந்த சமயத்துலதான், கடையில கூட வேல செஞ்சவரு ஒருத்தரு, அந்தப் பாடகரோட ரசிகருங்க போன்ல வச்சிருக்கற குரூப்புல பாவாவை சேத்து விட்டாரு. சேத்து விட்டதோட சரி, அவரு அந்த குரூப்ப தொறந்துகூட பாக்கறதில்ல. அரக்கோணம், திருவள்ளூர்ல இருந்து நகரி, புத்தூர் வரைக்கும் ஆளுங்க. பாதிக்கு மேல பென்ஷன் வாங்கறவங்க. வாரம் பூரா பழைய பாட்டு, பழைய போட்டோன்னு போட்டுக்கினு இருப்பாங்க. ஞாயித்துக்கெழம சாயந்திரத்துக்கு மட்டும் ஒரு வழக்கம் வச்சிருந்தாங்க. அட்மின் ஒரு பாட்டு சொல்லுவாரு. ஆளாளுக்கு அதுல நாலு வரி பாடி அனுப்பணும். அட்மின் அரக்கோணத்துக்காரரு, ரயில்வேயில இருந்து ரிடையர் ஆனவரு. நல்ல மனுஷன்தான், ஆனா பிடிச்சா விட மாட்டாரு. யாராவது பாடலன்னா பேரச் சொல்லிக் கேப்பாரு.

பேரச் சொல்லிக் கேட்டதும் பாவாவுக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. கச்சேரிங்கள கேசட்டுல பிடிச்சு வச்சிருந்தத எல்லாம் முன்னயே செல்போன் கடையில குடுத்து போன்ல ஏத்தி வச்சிருந்தோம். அதுல இருந்து ஒரு பாட்டை எடுத்து அனுப்பினாரு. இது பழசுன்னு கீழ எழுதத்தான் போனாராம். பின்னாடி கேட்ட வாத்தியத்த கரோக்கேன்னு நெனச்சிக்கினாங்க போல, எழுதி முடிக்கறதுக்குள்ள பாராட்டு வந்து குவிஞ்சிடுச்சு. இந்த வயசுல இன்னா குரல் சார், எங்க சார் இருந்தீங்க இவ்ளோ நாளா, சார் உங்க கால்ல விழணும் சார். பாவா எழுதிக்கினு இருந்தத அழிச்சிட்டாரு.

எனக்குத் தெரிய வந்தப்போ நான் சும்மா இருப்பேனா. “வெக்கமா இல்ல உனக்கு? போன குரல வச்சு ஊர ஏமாத்திக்கினு இருக்க. நாளைக்கு தெரிஞ்சா மூஞ்ச எங்க வச்சுக்குவ?” நல்லா கேட்டுட்டேன். பாவா சிலேட்ட எடுத்தாரு. இந்த ஊர்ல எல்லாருக்கும் நான் ஊமை, அங்க மட்டும் இல்லன்னு எழுதி என் மடியில வச்சிட்டு போயிட்டாரு. நான் அத அழிக்கக்கூட இல்ல, அப்படியே வச்சிக்கினு உக்காந்திருந்தேன். அதுக்கப்புறம் நான் அந்தப் பேச்சை எடுக்கல. ஞாயித்துக்கெழம மட்டும் மனுஷன் நேரத்தோட குளிச்சு, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கினு, போன்ல பட்டன் அமுக்கறதுக்குன்னு வந்து உக்காருவாரு. அன்னிக்கு ஒரு நாள்தான் ரெண்டாவது தடவ சோறு கேப்பாரு. பொய்யாவது சோத்த எறக்குதேன்னு விட்டுட்டேன்.

அப்படி ஓடிக்கினு இருந்தப்போதான் குரூப்புல ஒரு டிவி பாட்டு வந்துச்சு.

ரொம்பப் பழசு. டிவின்னா ஒரே சேனல் இருந்த காலத்துல அந்தப் பாடகர் ஸ்டுடியோவுல நின்னு பாடினது. யாரோ ஒருத்தரு அப்பவே டேப்புல பிடிச்சு வச்சிருந்து, அவரு பிள்ளைங்க இப்போ தூசி தட்டி போட்டிருக்காங்க. கருப்பு வெள்ள. நடுநடுவுல படம் ஆடும், குறுக்கால கோடு ஓடும். பின்னாடி மடிப்பு வச்ச திரை, பக்கத்துல பிளாஸ்டிக் பூச்சாடி. பாடகர் ஒல்லியா, பெரிய காலர் வச்ச சட்டை போட்டுக்கினு, ஒரு கையால மைக் கம்பியைப் பிடிச்சிக்கினு நிக்கறாரு. சிரிக்கல, ஆடல, கண்ணு மட்டும் எங்கயோ இருக்கு. ரெண்டாவது சரணத்துல ஒரு நீட்டு வரி வரும். எவ்ளோ நீட்டுன்னா, கேக்கறவங்களுக்கு மூச்சு முட்டும். அத அவரு எங்கயும் நிறுத்தாம ஒரே மூச்சுல பாடி முடிச்சிட்டு, ஒண்ணுமே நடக்காத மாதிரி தபலாக்காரரப் பாப்பாரு.

குரூப்பே கெடந்து ஆடுச்சு. அந்த ஒரு பார்வைக்கு சொத்தை எழுதி வைக்கலாம்னாரு ஒருத்தரு. இப்போ இருக்கறவங்க வரி வரியா வெட்டி ஒட்டிப் பாடறாங்க, அப்போ தப்பு பண்ணா மொதல்ல இருந்து வரணும்னாங்க திருவள்ளூர்ல இருக்கற ஒரு அம்மா. நகரிக்காரரு ஒருத்தரு, பாதி தெலுங்கு பாதி தமிழ்ல எழுதுவாரு, அவரு அந்த எடத்த மட்டும் மெதுவா ஓட்டிப் பாத்து, மூச்சு எங்க எடுக்கறாருன்னே தெரியலன்னு சத்தியம் பண்ணாரு. அதுக்கு ரெண்டு நாள் சண்ட. யாரோ அந்தப் பாடகர் இப்போ கைத்தடி வச்சிக்கினு நடக்கற போட்டோ ஒண்ணப் போட்டாங்க. அதுக்கு மட்டும் யாரும் எதுவும் எழுதல.

பாவா அந்தப் படத்த எத்தன தடவ பாத்தாருன்னு கேக்காதீங்க. கழுத்துல கட்டின துணி மேல ஏறி எறங்கும், கண்ணு போன விட்டு நகராது. எனக்கும் அந்தப் படத்த தெரியும். நான் அத மொதல்ல பாத்தப்போ கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகல.

அப்போ நாங்க அம்மையார்குப்பத்துல இருந்தோம். பாவா ஒரு முதலாளி ஷெட்டுல பவர்லூம் ஓட்டிக்கினு இருந்தாரு. எங்க ஊர்ல ரகசியம் பேசினாலே நாலு வீட்டுக்குக் கேக்கும். தறிச் சத்தத்துல பேசிப் பேசி எல்லாருக்கும் தொண்ட அப்படி. பாவாவோட குரலும் அந்த ஷெட்டுல வளந்ததுதான், தறி மேல ஏறி நிக்கும். எங்க தெருவுல தறி எதுக்கும் நிக்காது. பண்டிகைக்கு நிக்கும், கரண்டு போனா நிக்கும். மத்தபடி வேல நேரத்துல பட்டுன்னு நின்னா ஒரே ஒரு அர்த்தம்தான், யாரோ போயிட்டாங்க. சேதி வந்த உடனே மெயின் சுவிட்ச எறக்கிடுவாங்க, அத வச்சே தெரு வெளிய வந்துடும்.

தெருவுக்கே ஒரே டிவி, அதே முதலாளி வீட்டுல. அன்னிக்கு சாயந்திரம் அந்தப் பாடகர் வர்றாருன்னு பாவா வேலய விட்டுட்டு வந்து கூடத்து வாசல்ல நின்னாரு, என்னையும் இழுத்தாந்து பக்கத்துல நிறுத்திக்கினாரு. படம் வந்துச்சு. பாட்டு வரல. வந்துச்சு, ஆனா பின்பக்கம் ஷெட்டுல தறிங்க அடிச்சிக்கினு இருக்கு, வெறும் வாய் அசையறதுதான் தெரியுது. கொஞ்ச நேரம் பாத்தாரு. திடீர்னு ஆளக் காணோம். நான் திரும்பிப் பாக்கறதுக்குள்ள தெரு பூரா ஒரு அமைதி. போய் ஷெட்டோட மெயின் சுவிட்ச எறக்கிட்டாரு. தெருவுக்கே அந்த ஒரு ஷெட்டுதான், வீட்டுக்கு லைன் வேற.

அந்த அமைதியில பாட்டு வந்துச்சு பாருங்க. முதல் சரணம் முடியற எடம். நான் அதுவரைக்கும் பாட்டுன்னா காதுல விழறதுன்னு மட்டும் நெனச்சிக்கினு இருந்தவ. அந்த நீட்டு வரி வந்தப்போ பாவா என் மணிக்கட்டப் பிடிச்சிருந்த பிடி இருக்கே, வளையல் உள்ள அழுந்திடுச்சு.

அதுக்குள்ள வெளிய கூட்டம். அக்கம்பக்கத்து பொம்பளைங்க மாராப்ப இழுத்து சொருகிக்கினு, யாரு போனது, யாரு போனதுன்னு கேட்டுக்கினே ஓடியாராங்க. ஒரு அம்மா வாசப்படி ஏறும்போதே மாருல அடிச்சிக்கினு ஒப்பாரிய ஆரம்பிச்சிட்டாங்க. யாரும் சாவல, பாட்டு கேக்க நிறுத்தினாங்கன்னு தெரிஞ்சதும் அந்தம்மாவுக்கு வந்த கோபம், அப்பப்பா. முதலாளி சிரிக்கல. சாவு விழாத வீட்டுல தறிய நிறுத்தினது அபசகுனம்னு மறுநாளே பாவாவ வேலைய விட்டு நிறுத்திட்டாரு. அப்புறம்தான் நாங்க திருத்தணிக்கு வந்தோம், ஜவுளிக்கடை வேல, கச்சேரி எல்லாம். ஒரு பாட்டால ஊர் மாறின குடும்பம் எங்களோடது.

அந்தப் பாட்டுதான் பாவா கச்சேரியில கடைசிப் பாட்டு. எல்லாரும் சாப்ட்டு முடிச்சு, செருப்பத் தேடிக்கினு இருக்கும்போது எடுப்பாரு. போறவங்க நிப்பாங்க. அந்த நீட்டு வரிய பாவாவும் ஒரே மூச்சுலதான் பாடுவாரு, அதுல சந்தேகமே வேணாம், நான் பக்கத்துல நின்னு கேட்டவ. ஆனா அதுல ஒரு வில்லங்கம். கடைசிப் பாட்டுன்றதால, கேசட்டு எல்லாத்துலயும் அதுக்குள்ள டேப்பு தீர்ந்து போயிருக்கும். பல்லவி வரும், முதல் சரணம் பாதி வரும், டக்குன்னு நின்னுடும். எந்தக் கேசட்ட எடுத்தாலும் அதேதான். ரெண்டாவது சரணம் எதுலயும் இல்ல.

அட்மினுக்கு இது எப்படித் தெரியும். அவரு பாட்டுக்கு எழுதிட்டாரு. வர்ற கிருத்திகைக்கு நாங்க கொஞ்சம் பேரு மலைக்கு வர்றோம், சாமி கும்பிட்டுட்டு நேரா சார் வீட்டுக்குத்தான், அந்த ரெண்டாவது சரணத்த சார் எதிர்ல உக்காந்து கேக்கணும், இது ஆசை இல்ல சார், உத்தரவுன்னு. வீட்டு அட்ரஸ, பாவாவை குரூப்புல சேத்து விட்டவரே எதுக்குன்னு கேக்காம குடுத்திருக்காரு. எல்லாரும் கை தட்டற பொம்மையாப் போட்டு நெறச்சிட்டாங்க.

பாவா மூஞ்சியில ரத்தமே இல்ல. “இப்போவாவது உண்மைய எழுதிப் போட்டுடு பாவா, வர்றவங்க புரிஞ்சுக்குவாங்க”ன்னேன். தலைய ஆட்டிட்டாரு. வேணாம், நீ ஏதாவது சொல்லி அனுப்பிடுன்னு கைய காமிச்சாரு. என்னப் பாத்து ஒரு கும்பிடு போட்டாரு பாருங்க, அதான் என்னால தாங்க முடியல. கல்யாணமான நாள்ல இருந்து என்ன அதட்டித்தான் பழக்கம் அந்த மனுஷனுக்கு.

கிருத்திகை அன்னிக்கு தெருவே நெரிசல். மலையில இருந்து எறங்கறவங்க, ஏறப் போறவங்க, மொட்ட போட்ட தலைங்க, சந்தனம். மதியத்துக்கு மேல அவங்க வந்தாங்க, நெத்தி நெறய விபூதியோட. அட்மின், அந்த திருவள்ளூர் அம்மா, நகரிக்காரரு, இன்னும் ரெண்டு மூணு பேரு. பாவா உள் ரூம்புல, கதவச் சாத்திக்கினு.

“சார் இல்லீங்களாம்மா?”

“திருப்பதியில ஒரு துக்கம்ங்க. காலைலயே பஸ் ஏறிட்டாரு.”

சாவச் சொன்னா யாரும் மேற்கொண்டு கேள்வி கேக்க மாட்டாங்கன்னு எனக்குத் தெரியும். அடடா, அடடான்னு எல்லாரும் உச்சுக் கொட்டினாங்க. ஏமாத்தம் மூஞ்சியில தெரிஞ்சுது. காபி போட்டுக் குடுத்தேன். அட்மின் பையில இருந்து ஒரு பொன்னாட எடுத்தாரு. பச்சக் கலரு, ஜரிக போட்டது. சாருக்குப் போட்டு போட்டோ எடுக்கணும்னு எல்லாருமா சேந்து வாங்கினதாம். செவுத்துல பாவா மைக் பிடிச்சு நிக்கற படம் ஒண்ணு மாட்டியிருக்கு. அதப் பாத்துட்டு, சார் இல்லன்னா இன்னா, படத்துக்குப் போடலாம்னு எழுந்து, ரெண்டு கையாலயும் பொன்னாடைய விரிச்சு, படத்து மேல மாலை போடற மாதிரி போட்டுட்டாரு. நகரிக்காரரு வேற கும்பிட்டாரு. நல்ல மனசுலதான் செஞ்சாங்க.

“படத்துக்குப் போடாதீங்க. ஆளு உயிரோட இருக்காரு.”

கொஞ்சம் கடுசாவே சொல்லிட்டேன் போல. அட்மின் பதறிப்போய் எடுத்துட்டாரு. “ஐயோ, நாங்க அப்படி நெனக்கலம்மா, மன்னிச்சிடுங்க”ன்னு சொல்லி, பாவா உக்கார்ற நாற்காலி முதுகுல அத மடிச்சுப் போட்டாரு.

போறாங்கன்னு பாத்தா போகல. சார் வீட்டுல உக்காந்து கேக்கற பாக்கியமாவது கெடைக்கட்டும்னு, ஒருத்தரு போனை எங்க டிவியில சேத்து அந்தப் பழைய படத்தப் போட்டாரு. சின்ன போன்ல பாத்த மூஞ்சி டிவியில பெருசா வந்து நின்னுச்சு. எல்லாரும் பேச்ச நிறுத்திட்டாங்க. முதல் சரணத்துக்கு திருவள்ளூர் அம்மா கண்ணத் தொடச்சிக்கினாங்க. நீட்டு வரி வந்ததும் எல்லாரும் கூட சேந்து பாடப் பாத்தாங்க. ஒருத்தரு பாதியில நின்னாரு, ஒருத்தரு முக்காவாசியில இருமிட்டாரு. அட்மின் மூஞ்சி செவந்து, முடியாம சிரிச்சிட்டாரு. “இதுக்கு சார்தான் வரணும்ங்க”ன்னாரு.

அந்த நேரம் பாத்து உள்ள இருந்து ஒரு சத்தம். பாவாவோட இருமல் வாய் வழியா வர்றதில்ல, கழுத்து ஓட்டையில இருந்து பீச்சி அடிக்கற மாதிரி வரும். கேட்டுப் பழகாதவங்களுக்கு அது மனுஷன் சத்தமாவே தெரியாது.

“உள்ள இன்னாங்க சத்தம்?”

“குக்கருங்க”ன்னு சொல்லிட்டு சமையக்கட்டு வழியா உள் ரூம்புக்குப் போனேன். பாவா கதவுல காத வச்சிக்கினு நிக்கறாரு. ஒரு கையால துண்ட கழுத்துல அழுத்திப் பிடிச்சிருக்காரு, இன்னொரு கை தொடையில தாளம் போட்டுக்கினு இருக்கு. கண்ணுல தண்ணி. இருமலுக்கா பாட்டுக்கான்னு நான் கேக்கல. குக்கர அடுப்புல வைக்கற மாதிரி ரெண்டு பாத்திரத்த தட்டிட்டு வெளிய வந்தேன். எனக்கு அவங்க மேலயும் கோவம், இவரு மேலயும் கோவம், எம்மேலயும் கோவம்.

அவங்க பிரசாதம் குடுத்துட்டு ஸ்டேஷனுக்குப் போயிட்டாங்க. பாவா வெளிய வந்து அந்த நாற்காலியில உக்காந்தாரு. பொன்னாடைய எடுத்து மடியில வச்சிக்கினு ஜரிகயத் தடவிப் பாத்தாரு. சேலைக்கடையில இருந்த கை, தரம் பாக்காம இருக்காது. சாயந்திரம் போன் அடிச்சுது. நாற்காலியில பொன்னாட இருக்கற போட்டோவப் போட்டு அட்மின் எழுதியிருந்தாரு. சார், உங்க நாற்காலிக்கு மரியாத பண்ணிட்டோம், பாட்டு மட்டும் பாக்கி, இன்னிக்கே அனுப்பணும், எல்லாரும் காத்துக்கினு இருக்கோம்.

“ஜலதோஷம்னு எழுது பாவா”ன்னேன். அவரு எழுதல. அப்புறம் போன்ல பதிவு பண்ற பட்டன அமுக்கி வாய்க்கு நேரா பிடிச்சாரு. மேடையில மைக் பிடிக்கற மாதிரியே, கொஞ்சம் சாச்சு. உதடு அசஞ்சுது, ரெண்டாவது சரணத்தோட முதல் வார்த்த எனக்குத் தெரிஞ்சுது. ஒரு நிமிஷம் நிறுத்தினாரு. போனை கீழ எறக்கினாரு. கழுத்துத் துணிய ஒதுக்கிட்டு, அந்த ஓட்டைக்கு நேரா வச்சிக்கினு, திரும்ப மொதல்ல இருந்து ஆரம்பிச்சாரு.

நான் எதிர்ல உக்காந்து கேட்டேன். காத்து ஏறுது, எறங்குது, நிக்குது, திரும்ப எடுக்குது. ராகம் கெடையாது, வார்த்த கெடையாது. ஆனா தாளம் அப்படியே இருந்துச்சு, எங்க நீட்டணுமோ அங்க நீண்டுச்சு. அந்த நீட்டு வரிக்கு தோளத் தூக்கிக்கினு தம் கட்டினாரு. பாதியில தாங்கல. உஸ்ஸுன்னு உள்ள இழுத்துக்கினு மிச்சத்தப் பாடி முடிச்சாரு. முடிச்சதும் பக்கத்துல தபலாக்காரரு இருக்கற மாதிரி ஒரு பார்வ பாத்தாரு. யோசிக்காம அனுப்பிட்டாரு.

உடனே பதில் வந்துச்சு, அட்மின்தான். சார், குரல் வரல, வெறும் காத்து சத்தம்தான் கேக்குது, பஸ்ஸுல ஜன்னல் ஓரம் உக்காந்திருக்கீங்களா, ஜன்னல மூடிட்டு மறுபடி அனுப்புங்க.

நான் சொன்ன பொய்தான் திரும்பி வந்து நின்னுச்சு. பாவா கையில இருந்து போனைப் பிடுங்கினேன். வேணாம்னு கையப் பிடிச்சாரு. நான் கேக்கல. பட்டன அமுக்கிப் பிடிச்சு பேசிட்டேன்.

“அவரு பஸ்ஸுல இல்லீங்க. வீட்டுலதான் இருக்காரு. நீங்க வந்தப்பவும் உள் ரூம்புலதான் இருந்தாரு. குரல்வளைய ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டாங்க. இது வரைக்கும் அனுப்பினதெல்லாம் பழைய கேசட்டு. இது மட்டும்தான் இப்போ பாடினது. அது ஜன்னல் காத்து இல்லீங்க. நீங்க கேட்ட பாட்டுதான் அது.”

அனுப்பினதும் குரூப்பு நின்னு போச்சு. அவ்ளோ நேரம் டிங்கு டிங்குன்னு அடிச்சிக்கினு இருந்த போன் சத்தமே போடல. எல்லாரும் கேட்டுட்டாங்கன்னு தெரியுது, ஒருத்தரும் எழுதல. எனக்கு அம்மையார்குப்பத்துத் தெருதான் ஞாபகம் வந்துச்சு.

அப்புறம் ஒண்ணொண்ணா வந்துச்சு. கும்பிடற கை. கும்பிடற கை. முருகன் கைவிட மாட்டான் சார். தைரியமா இருங்க சார். எங்களால எதுவும் நம்பவே முடியல. கண்ணீர் விடற பொம்ம. மன்னிச்சிடுங்க சார்னு அட்மின். உங்க குடும்பத்துக்கு ஆண்டவன் தெம்பு குடுக்கட்டும்னு யாரோ. திருவள்ளூர் அம்மா ஒரு மெழுகுவத்திப் படமே போட்டுட்டாங்க.

பாவா எல்லாத்தயும் ஒண்ணு விடாம படிச்சாரு. மேல இருந்து கீழ, திரும்ப கீழ இருந்து மேல. எதயோ தேடற மாதிரி. திட்டப் போறாருன்னு நெனச்சேன், திட்டு வாங்கத் தயாராத்தான் உக்காந்திருந்தேன். போனை கவுத்து வச்சிட்டு சிலேட்ட எடுத்து எழுதினாரு. நான் வாங்கிப் பாத்தேன்.

பாட்டு எப்படி இருந்துதுன்னு ஒருத்தரும் சொல்லலையே.

அழுதா அதுவும் இன்னொரு கும்பிடற கைதான்னு தெரியும். சிலேட்ட கீழ வச்சிட்டு அவரு மூஞ்ச நேராப் பாத்தேன்.

“சரணம் நல்லா எடுத்த பாவா. தாளம் எங்கயும் தப்பல. அந்த நீட்டு வரியில மட்டும் நடுவுல மூச்சு வாங்கிட்ட.”

பாவா அந்த வரிய தொடையில ஒரு தடவ தாளம் போட்டுப் பாத்தாரு. அப்புறம் ஆமான்னு தலைய ஆட்டினாரு.